தவிட்டுக்கொம்பைக்காரர்கள் குளிர் பார்த்த கதை

தவிட்டுக்கொம்பைக்கு எப்படிப் போவது என்று மலையடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் வழி சொல்வார்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டால், "போய்ட்டுத்தான் வாங்களேன்" என்பார்கள்.

அப்படிப் போய்விட்டு வந்தவர்தான் பால்வாடி சூப்பர்வைசர் எழிலரசி மேடம். ஜீப்பில் ஏறிப் போனார். நடந்து இறங்கி வந்தார். நடுவில் நடந்தது என்னவென்றால்:

தவிட்டுக்கொம்பை பால்வாடிக்கு ஒரே அறை, ஒரே ஜன்னல், ஒரே டீச்சர். டீச்சர் பெயர் தவமணி. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும், தபால்காரர் வந்தாலும்கூட, "பிள்ளைங்களுக்கு ஒரு சறுக்குமரம் வேணும்ங்க" என்று கேட்டுக்கேட்டே வருஷக்கணக்கில் ஓட்டியவள். கடைசியில் ஒருநாள் சறுக்குமரம் வந்தே விட்டது. இரும்பில் செய்தது. படிக்கட்டு மஞ்சள், சறுக்குகிற பலகை சிவப்பு. வந்த அன்றைக்கே தவமணி அதற்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். மறுநாள் பொட்டு அழிந்திருந்தது என்று இன்னும் பெரிய பொட்டாக வைத்தாள்.

ஆனால் வந்தது மார்கழி மாதத்தில். பிள்ளைகளை வெளியே விட்டால் சளி பிடிக்குமோ என்று தவமணிக்குப் பயம். விடாமல் வைத்திருந்தால் பிள்ளைகள் அறையை ரெண்டாக்கிவிடுகிறார்கள். விடுவதா, வேண்டாமா என்று அவள் வாசற்படியிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்ததில் சறுக்குமரத்தின் மேல் தூசி படிந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து எழிலரசி மேடம் வந்து சேர்ந்தார்.

"என்ன தவமணி, இது மேல விரலால பேரு எழுதலாம் போல இருக்கே. பிள்ளைங்க இதுல விளையாடுறதே இல்லையா?"

"குளிருதுங்க மேடம்."

"மலைன்னா குளிரத்தான் செய்யும். ரொம்பக் குளிரா இருந்தா வெளியே விடாதீங்க. இல்லேன்னா விடுங்க."

"ரொம்பக் குளிருதான்னு எப்படிங்க மேடம் கண்டுபிடிக்கிறது?"

மேடம் எத்தனையோ பால்வாடிகளைப் பார்த்தவர். இந்தக் கேள்வியை மட்டும் எங்கேயும் கேட்டதில்லை. மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "வெளியே போய் நின்னு பாருங்க. நாலு பேரைக் கலந்துக்கோங்க. விளையாடுறப்ப அப்பப்ப தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா உள்ளே கொண்டாந்து போர்த்தி விடுங்க. உடம்பு கொதிச்சா காய்ச்சல். படுக்க வெச்சுக் கஷாயம் குடுங்க. இதுக்கெல்லாமா சூப்பர்வைசர் வேணும்?"

தவமணி தலையாட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வருவேன். பிள்ளைங்க வெளியே விளையாடிட்டு இருக்கணும். இதுல பொட்டுத் தூசி இருந்தாலும் சரி, ஜீப்பு மேல கட்டிக் கீழ்க்கொம்பை பால்வாடிக்குக் கொண்டு போயிடுவேன். அங்கே பிள்ளைங்க பாறையில சறுக்கி டவுசர் கிழிச்சுட்டு இருக்குதுங்க."

மேடம் போனபிறகு தவமணி சறுக்குமரத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் நாலு பேரைக் கலந்துகொள்ளக் கிளம்பினாள்.

நாலு பேர் என்றால் சரியாக நாலு பேர். பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து, டீக்கடை ஆறுச்சாமி, பால்வாடி ஆயா பொம்மக்கா. நாலாவது ஆளுக்கு ஊரெல்லாம் தேடினார்கள். கடைசியில் நாச்சிமுத்துதான், "நீ இருக்கியே டீச்சரம்மா, உன்னை நீயே கலந்துக்கோ" என்று வழி சொன்னார்.

தவிட்டுக்கொம்பையில் கூட்டம் போடுவதற்கு ஒரு முறை உண்டு. நடுவில் கட்டையைப் போட்டுத் தீ மூட்டிச் சுற்றி உட்கார வேண்டும். ஆளுக்கொரு தம்ளர் சுக்குக்காப்பி கைக்கு வந்தால்தான் பேச்சு ஆரம்பிக்கும். பேசி முடிவானதும் தம்ளரில் மிச்சம் இருக்கிறதைத் தீயில் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அணையாத தீயும் முடியாத கூட்டமும் ஒன்று என்பது அந்த ஊர்க் கணக்கு.

பால்வாடிக்கு வெளியே, சறுக்குமரத்துக்குப் பக்கத்தில், முறைப்படி உட்கார்ந்தார்கள். தீ நன்றாகப் பிடித்து எரிந்தது. ஆறுச்சாமி காப்பியை ஊற்றிக் கொடுத்தார்.

"சரி, எல்லாரும் நல்லா அனுபவிச்சுப் பாருங்க" என்றார் நாச்சிமுத்து. "ஆறுச்சாமி, உனக்குக் குளிருதா?"

ஆறுச்சாமி கண்ணை மூடி யோசித்தார். "இல்லீங்க தலைவரே. சொல்லப்போனா மப்ளரைக் கழட்டிடலாம் போல இருக்கு."

"பொம்மக்கா?"

"எனக்கு வேர்க்குது கண்ணு."

"டீச்சரம்மா?"

தவமணிக்குக் கன்னமெல்லாம் கதகதவென்று இருந்தது. "குளிரே இல்லீங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

"அப்ப ஏகமனசா முடிவாயிருச்சு. குளிர் இல்லை. பிள்ளைங்களை விடு."

மிச்சக் காப்பியை ஊற்றித் தீயை அணைத்தார்கள். பொம்மக்கா கதவைத் திறந்தாள். பிள்ளைகள் ஹோவென்று வெளியே பாய்ந்தார்கள். பாய்ந்த வேகத்திலேயே நின்றார்கள். பல்லெல்லாம் தந்தியடித்தது. கனிஷ்கா என்ற வாண்டு, "டீச்சர், என் மூக்கு இருக்கா பாருங்க" என்று அழுதது. தவமணி பார்த்து, இருக்கிறது என்று உறுதி சொல்லி, எல்லாரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அவர்களுக்கும் வெடவெடவென்று நடுங்கியது.

"இது என்ன மாயம்?" என்றார் நாச்சிமுத்து. "நாம உக்காந்திருந்தப்ப ஒரு பொட்டுக் குளிர் இல்லையே. எந்திரிச்சதும் எங்கிருந்து வந்துச்சு?"

உடனே தீ மூட்டி, காப்பி ஊற்றி, இன்னொரு கூட்டம் போட்டு இதைப் பேசினார்கள். குளிர் போய்விட்டது. பேசி முடித்துத் தீயை அணைத்தார்கள். குளிர் வந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்தார்கள். போய்விட்டது. எழுந்தார்கள். வந்துவிட்டது.

ஆறுச்சாமிதான் முதலில் தொடையைத் தட்டினார். "தலைவரே, புரிஞ்சுபோச்சு! நம்ம கூட்டத்துக்குக் குளிர் பயப்படுது!"

"எப்படிச் சொல்றே?"

"கூட்டம் நடக்குற வரைக்கும் கிட்ட வருதா? வரலை. முடிவு பண்ணிட்டு எந்திரிச்சோம், உடனே வந்து பாயுது. இத்தனை நேரமும் அதோ, அந்தப் பெரிய கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சு கேட்டுட்டு இருந்திருக்கு."

எல்லோரும் அந்தக் கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள். அது ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது.

"அப்ப முடிவு பண்றதுதான் தப்பு" என்றாள் பொம்மக்கா.

"சரியாச் சொன்னே" என்றார் நாச்சிமுத்து. "இனிமே கூட்டம் நடக்கட்டும். யாரும் எந்த முடிவும் பண்ணிடாதீங்க. பண்ணினா, பிள்ளைங்க சளிக்கு நான் பொறுப்பில்லை."

முடிவு பண்ணக்கூடாது என்பதே ஒரு முடிவுதானே என்று தவமணிக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. அதை வெளியே சொன்னால் குளிரின் காதில் விழுந்துவிடும் என்று விழுங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து கூட்டம் தொடர்ந்து நடந்தது. ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். பேச விஷயம் தீர்ந்து, ஆறுச்சாமி தன் மாமனார் வீட்டுச் சண்டையைச் சொன்னார். கடைசியில் மாமனார் செய்தது தப்பு என்று சொல்ல வாயெடுத்தவரை நாச்சிமுத்து வாயைப் பொத்தி நிறுத்தினார். "முடிவு பண்ணிடாதே ஆறுச்சாமி! பிள்ளைங்க இருக்குது!"

தவமணி பிள்ளைகளை வெளியே கொண்டுவரலாமா என்று கேட்டாள்.

"கொண்டு வா, கொண்டு வா. கூட்டந்தான் நடக்குதே" என்றார்கள்.

"ஆனா தீயை அணைச்சுடுங்க" என்றாள் பொம்மக்கா. "பிள்ளைங்க பக்கத்துல தீ ஆகாது."

"தீயை அணைச்சா கூட்டம் முடிஞ்ச மாதிரி ஆயிடுமே!"

இந்த இடத்தில் எல்லாரும் சிக்கிக்கொண்டார்கள். தீ இருந்தால் பிள்ளைகள் வரக்கூடாது. தீ இல்லாவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் குளிர் வந்துவிடும். ஆக, பிள்ளைகள் உள்ளேயே இருந்தார்கள்.

தவமணி சறுக்குமரத்தின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். "மேடம் தூசி பாப்பாங்களே! பிள்ளைங்க சறுக்காம தூசி எப்படிப் போகும்?"

"அதுக்கு ஊர்ல ஆளா இல்லை?" என்று நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். மஞ்சள் படிக்கட்டில் ஏறினார். மேலே உட்கார்ந்து, ஊரை ஒரு பார்வை பார்த்து, "இது பொதுக் காரியம்" என்று அறிவித்துவிட்டு சர்ரென்று வழுக்கி வந்தார். கீழே வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த ஓரத்துல கொஞ்சம் தூசி இருக்கு" என்று மறுபடி ஏறினார். எந்த ஓரத்திலும் தூசி இல்லாமல் போனபிறகும் அவருக்குத் திருப்தி வரவில்லை. ஆறுச்சாமி பின்னால் நின்று, "தலைவரே, பொதுக் காரியத்துல மத்தவங்களுக்கும் பங்கு வேணும்" என்று முண்டியடித்தார். ஜன்னல் விளிம்பில் பிள்ளைகளின் மூக்குகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. "மாமா, ஒருவாட்டி எங்களையும் விடுங்க மாமா" என்று கெஞ்சின.

"குளிரும் கண்ணுகளா" என்றார் மாமா, படிக்கட்டில் ஏறிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தவமணி தலைகூட வாராமல் கூட்டத்துக்கு ஓடிவந்தாள். "இன்னிக்கு மேடம் வர்றாங்க! பிள்ளைங்க வெளியே இருக்கணும்! என் சறுக்குமரத்தைக் கட்டிட்டுப் போயிடுவாங்க! ஏதாச்சும் சொல்லுங்களேன்!"

"சொல்லலாம்" என்றார் நாச்சிமுத்து எச்சரிக்கையாக. "ஆனா அது முடிவா ஆயிடக்கூடாது."

வந்த அவசரத்தில் அவள் கதவைச் சாத்தாமல் விட்டிருந்தாள். அவள் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே பிள்ளைகள் ஒவ்வொன்றாக நழுவிவந்து பின்பக்கம் போய் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பிய தவமணி பின்பக்கம் பறந்தாள்.

"ஐயோ! எவ்வளவு நேரமா வெளியே இருக்குதுங்களோ! பொம்மக்கா, தொட்டுப் பாருங்க! மேடம் தொட்டுப் பாக்கச் சொன்னாங்க!"

ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தித் தொட்டுப் பார்த்தார்கள். கை கதகதப்பு. கால் கதகதப்பு. கனிஷ்காவின் மூக்கு உட்பட எல்லாம் கதகதப்பு.

"யாருக்கும் குளிரலையே" என்றாள் தவமணி நம்ப முடியாமல்.

அந்த நேரத்தில் சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து ஓர் அலறல். மேடம் வருகிறார் என்று நாச்சிமுத்து இன்றைக்கு விடிந்ததுமே தூசி துடைக்க ஏறி உட்கார்ந்திருந்தார். ராத்திரிப் பனி முழுக்க அந்த இரும்பில் இறங்கியிருந்தது. உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே, "டீச்சரம்மா! இங்கே வந்து இதைத் தொட்டுப் பாரு!" என்றார்.

தவமணி தொட்டாள். விரல் விறைத்துப் போனது. மெதுவாக இன்னொரு கையையும் வைத்தாள். மேலே, கீழே, படிக்கட்டில், காலில், எங்கே தொட்டாலும் ஜில்.

அவள் கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாளும் பிள்ளைங்களுக்குக் குளிருமா குளிருமான்னு கிடந்தோமே! குளிர்ல கிடந்து விறைச்சது இதுதானே! வாய் இல்லாத ஜீவன். வந்த நாள்லேர்ந்து ஒரு ராத்திரிகூட உள்ளே படுக்கலையே!"

பொம்மக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஜில்லுன்னு இருந்தா என்ன பண்ணச் சொன்னாங்க மேடம்?"

"உள்ளே கொண்டாந்து போர்த்தி விடச் சொன்னாங்க."

அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. பேசினால்தானே முடிவு. நாலு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். பாய், பெஞ்சு, மாவு டப்பா, பொம்மைகள் எல்லாம் வெளியே வந்தன. சறுக்குமரம் உள்ளே போனது. அறை போதவில்லை. வால் மூலையில் முட்ட, தலை ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. உடம்புக்கு இரண்டு கம்பளி. தலைக்கு ஆறுச்சாமியின் குல்லாய். பிள்ளைகளுக்கு உள்ளே இடம் இல்லாததால் அவர்கள் வெளியேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறியபோது எழிலரசி மேடத்தின் ஜீப் மலையேறி வந்து நின்றது. மேடமே ஓட்டி வந்தார். பிள்ளைகள் வெளியே கும்மாளம் போடுவதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தவிட்டுக்கொம்பையில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"பரவாயில்லையே தவமணி! சரி, சறுக்குமரம் எங்கே?"

"மெல்லப் பேசுங்க மேடம். இப்பத்தான் அசந்திருக்கு."

மேடம் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். வெளியே வந்து ஜன்னல் பக்கம் போய்க் குல்லாயைப் பார்த்தார். மறுபடி வாசலுக்கு வந்தார்.

"தூசி தொட்டுப் பாருங்க மேடம்" என்றார் நாச்சிமுத்து பெருமையாக. "நான் சொந்தமா உக்காந்து துடைச்சது."

"தவமணி, இது யாருக்காக வந்தது?"

"பிள்ளைங்களுக்காகங்க."

"பிள்ளைங்க எங்கே?"

"வெளியேங்க. நீங்க சொன்ன மாதிரி."

"இது எங்கே?"

"உள்ளேங்க. நீங்க சொன்ன மாதிரி."

மேடம் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "போதும். இதைக் கொண்டுவந்து ஜீப்பு மேல கட்டுங்க. கீழ்க்கொம்பைக்கே போகட்டும்."

தவமணிக்குக் காலுக்குக் கீழே மலை நழுவியது. கயிற்றை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள். கண்ணீர் மறைத்தது. தடுமாறி, ஜீப்பின் முன்பக்கத்தில் கையை ஊன்றினாள். வீலென்று கத்திக்கொண்டு ஊன்றிய கையை இழுத்தாள்.

"மேடம்! கொதிக்குது மேடம்!"

"என்ன கொதிக்குது?"

"உங்க ஜீப்பு! நெத்தியில கை வைக்க முடியலை!"

நாலு பேரும் ஓடிவந்து தொட்டுப் பார்த்தார்கள். நாச்சிமுத்து புறங்கையால் தொட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கடுமையான காய்ச்சல். மூச்சுகூட சுடச்சுட வருது."

"யோவ், அது இன்ஜின் சூடுய்யா! மேட்டுல ஏறி வந்தா சுடத்தான் செய்யும்!"

"பெத்தவங்க எல்லாருமே முதல்ல இப்படித்தான் மேடம் சொல்வாங்க" என்றார் நாச்சிமுத்து கனிவாக. "ஓடிட்டு வந்துச்சு, அதான் சூடுன்னு. அப்புறம் ராத்திரியில தூக்கிட்டு ஓடுவாங்க."

"இந்த உடம்போட இது பாரம் வேற சுமக்கணுமா?" என்று தவமணி கயிற்றைக் கீழே போட்டாள். "காய்ச்சல்னா என்ன பண்ணணும்னு நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க!"

மேடம் பதில் சொல்வதற்குள் பின்பக்கமிருந்து மடக் மடக்கென்று ஒரு சத்தம். பெட்ரோல் மூடியைத் திறந்து, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இருக்கட்டும் என்று அண்டா அண்டாவாகக் காய்ச்சி வைத்திருந்த நிலவேம்புக் கஷாயத்தை ஓர் அண்டாவோடு சாய்த்துக்கொண்டிருந்தாள் பொம்மக்கா. "கசக்கும் ராசா, கண்ணை மூடிட்டுக் குடிச்சிரு" என்று ஜீப்பின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மேடம் பாய்ந்து ஏறிச் சாவியைத் திருகினார். ஜீப் லொக் என்றது. மறுபடி திருகினார். லொக், லொக் என்றது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

"இருமல் வேற" என்றார் ஆறுச்சாமி வருத்தமாக.

மேடம் இறங்கினார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். யாரையும் பார்க்காமல் மலைப்பாதையில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

"மேடம்! சறுக்குமரம்?" என்று தவமணி பின்னாலிருந்து கத்தினாள்.

"அங்கேயே கிடக்கட்டும்!" என்று வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

தவமணி கை இரண்டையும் தலைக்கு மேலே கூப்பினாள். எவ்வளவு நல்ல மனசு அந்த அம்மாவுக்கு! "ஜீப்பைப் பத்திக் கவலைப்படாதீங்க மேடம்! குளிர் இல்லாத நாளாப் பாத்து வெளியே விடுறோம்!"

இப்போது ஜீப்பைப் படுக்க வைக்க வேண்டும். தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் முகம் மட்டும்தான் நுழைந்தது. நெற்றிதானே சுடுகிறது, அது உள்ளே இருந்தால் போதும் என்று பொம்மக்கா சமாதானம் சொன்னாள். உள்ளே கம்பளிக்குள் சறுக்குமரம். ஒரே அறையில் இரண்டு பேர்.

"காய்ச்சல் ஒட்டிக்குமே!" என்று தவமணி பதறினாள்.

ஜீப்பைப் பின்னால் தள்ளி, சறுக்குமரத்தை அவசர அவசரமாக வெளியே தூக்கி வந்து, பிள்ளைகளுக்கு நடுவில் வெயிலில் வைத்துவிட்டு, ஜீப்பின் முகத்தை மறுபடி உள்ளே நுழைத்துக் குல்லாயை மாட்டிவிட்டார்கள். அதற்குள் பிள்ளைகள் சறுக்குமரத்தில் மொய்த்துவிட்டார்கள். கனிஷ்கா முதலில் வழுக்கி வந்தாள். பின்னாலேயே அத்தனையும். அந்த மலையே அதிரும்படி ஒரு கூச்சல். எத்தனை வருஷமாக அந்தச் சத்தத்துக்காகத் தவமணி காத்திருந்தாள்! கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் போய், சிவப்புப் பலகையை ஆசையாகத் தொட்டாள்.

உச்சி வெயிலில் இரும்பு நன்றாகக் காய்ந்திருந்தது. பிள்ளைகள் வேறு விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொம்மக்கா!" என்று அலறினாள் தவமணி. "ஒட்டிக்கிச்சு! இதுக்கும் காய்ச்சல் ஒட்டிக்கிச்சு!"

பொம்மக்கா அடுத்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மஞ்சள் படிக்கட்டில் ஏறினாள். மேலே நின்று, வாய் எது என்று தெரியாததால், பலகை முழுக்க ஊற்றினாள். கஷாயம் வழிய வழிய, பிள்ளைகள் முன்னைவிட நாலு மடங்கு வேகமாக வழுக்கிக்கொண்டு போனார்கள்.

"குடிக்குதா?" என்று கீழேயிருந்து கேட்டாள் தவமணி.

"குடிக்குது, குடிக்குது" என்றாள் பொம்மக்கா, அண்டாவோடு தானும் வழுக்கிக்கொண்டே.